தாக்கோல்

களியக்காவிளை சந்தை ரோட்டில்
செருப்புக்கடைக்கு மேலே மாடியில் என் அறை.
ஜன்னலைத் திறந்தால் இரண்டு அரசுப் பேருந்துகளின் ஹார்ன்,
மூடினால் மின்விசிறி.
பேச்சுப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள்
முதலில் மீன்தொட்டியைப் பார்ப்பார்கள்,
அதில் மீன் இல்லை என்று தெரிந்ததும் என்னை.

இன்று நெவின். மூன்று வயது இரண்டு மாதம்.
அப்பன் ஸ்டாலின்ராஜுக்கு மேல்புறத்தில் ரப்பர் வெட்டு.
அம்மா ஷீபா உதியன்குளங்கரைக்காரி.
சென்னையில் அச்சான அட்டைகள், முப்பது படம்.
நிலாவைக் காட்டினேன்: அம்பிளி.
பூனையை: பூச்ச.
வண்ணத்துப்பூச்சிக்குக் கைகளை மட்டும் அடித்துக் காட்டினான்.
சாவியை நீட்டினேன்.
தாக்கோல் என்றான்.

தமிழில் பதினொன்று.
பழைய கணக்குப்படி இவன் பின்தங்கியவன்.

பழைய கணக்கு எங்கோ குளிர்நாட்டில் தொடங்கியது.
கப்பலிறங்கியவர்களின் பிள்ளைகளை
இறங்கிய ஊரின் மொழியிலேயே கேள்வி கேட்டு
மந்தம் என்று எழுதி வைத்தார்கள்.
தலைக்குள் ஒரே பானை, இரண்டு ஊற்றினால் வழியும்
என்று நினைத்திருப்பார்கள்.
பிறகு யாரோ வீட்டு வருமானத்தையும் பள்ளியையும்
கூடச் சேர்த்துப் பார்த்தார்கள்.
குறையைக் காணோம்.
அப்புறம் பெருமைக் காலம்:
இருமொழிப் பிள்ளைக்குக் கவனம் கூர்மையாம்,
வயதானால் மறதி தள்ளிப்போகுமாம்,
ஞாயிறு மலர்களில் மூளைப்படம் வண்ணத்தில் வந்தது.
மறுபடி செய்து பார்த்த பலருக்கு
அந்தக் கூர்மை கையில் அகப்படவில்லை.
இப்போது கேள்வியே சின்னதாகிவிட்டது:
இவனோடு யார் பேசுகிறார்கள்,
ஒரு நாளில் எவ்வளவு நேரம், எதைப் பற்றி.

இரண்டையும் சேர்த்து எண்ணினேன்.
இருபத்தாறு. ஒன்று சந்தேகம்.

நன்றாகத்தான் பேசுகிறான் என்று சொல்ல வாயெடுக்கையில்
ஷீபா பர்ஸிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.
என் கையெழுத்து.
எட்டு வருஷம் முன்பு, மூத்தவள் அஜினாவுக்காக.
'வீட்டில் ஒரு மொழி மட்டும். தமிழ்.'
அடியில் இரட்டைக் கோடு வேறு.

நான் படித்த பாடநூல் என்னைவிட மூத்தது.
அன்றைக்கே ஆய்வுகள் மாறியிருந்தன.
செய்தி என் மாடிப்படி ஏறி வரவில்லை,
நானும் இறங்கிப்போய்த் தேடவில்லை.

ஷீபா சொன்னதைக் கேட்டாள்.
அன்று அவளிடமிருந்த தமிழில்
சாப்பிடு, குளி, போ, வா இருந்தன.
கேலி பண்ண, பொய்க்கோபம் காட்ட,
காய்ச்சல் ராத்திரியில் முனக
அதில் சொல் கிடையாது.
ஆகவே மகளிடம் நாலு வருஷம்
சாப்பிடு, குளி, போ, வா.

புகாராக அவள் சொல்லவில்லை.
சீட்டின் மடிப்பை நகத்தால் நீவிக்கொண்டே
"மேடம் எழுதித் தந்ததல்லே" என்றாள்.
"இவன்கிட்ட என்ன செய்யணும்?"

தப்பு, தெற்று. எனக்கும் இரண்டு மொழி தெரியும்.
கொஞ்ச நேரம் இரண்டிலும் வாய் வரவில்லை.
பிறகு சொன்னேன்.

புதுச் சீட்டில் எழுதினேன்:
உங்களுக்குச் சிரிப்பு எந்த மொழியில் வருமோ அதில் பேசுங்கள்.
அஜினாவிடமும்.

வாசித்துவிட்டுக் கேட்டாள்,
"இனி இதுவும் மாறுமோ?"
மாறலாம் என்றேன்.
தலையாட்டினாள்.
பழையதைக் கிழிக்கவில்லை.
இரண்டையும் சேர்த்து மடித்து
ரேஷன் கார்டு நகலுக்குப் பின்னால் செருகினாள்.

படியிறங்கும்போது நெவின் எதையோ கேட்டான்.
அவள் நீளமாக, மூச்சுவிடாமல் பதில் சொன்னாள்.
செருப்புக்கடை வரைக்கும் கேட்டது, அப்புறம் ஹார்ன்.

விடைத்தாளில் ஒரு கட்டம் மிச்சம்.
தாக்கோலை எந்தப் பத்தியில் எழுத?
பாகோட்டில் என் அம்மை தினமும் தேடுவது அதைத்தான்,
மலையாளம் ஒரு வரி வாசிக்கத் தெரியாதவள்.
அட்டை அச்சடித்தவர்கள் இந்தப் பக்கம் வந்ததில்லை.

மணி எட்டு. பேனாவை மூடினேன்.
அறையைப் பூட்ட வேண்டும்,
தாக்கோலைக் காணவில்லை.